பூச்சி மாத்திரை போதாதா என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

சித்தியின் எக்ஸ்ரேயையும் சிடி ஸ்கேனையும் நேற்றிரவு இரண்டு முறை பார்த்தேன். வலது நுரையீரலின் அடியில் சாத்துக்குடி அளவில் ஓர் உருண்டை. மெல்லிய சுவர், உள்ளே வெறும் நீர். காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை விழுங்கியும் அது வளர்ந்தேயிருக்கிறது. புற்றுநோயோ என்று நீ நடுங்குகிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாயின் குடலில் வாழும் நாடாப்புழுவின் இளம்பருவம் கட்டுகிற நீர்க்கட்டி இது. ஹைடாடிட் கட்டி என்போம்.

இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லையே என்கிறாய். நுரையீரலில் உடையாமல் இருக்கும் கட்டி பல நேரம் இரத்தத்தில் தடயம் காட்டாது. அந்தத் தாளைவிட, படத்தையும் சித்தி ஆட்டுக் கிடையில் நாய்களோடு கழித்த முப்பது வருடங்களையும்தான் நான் நம்புகிறேன்.

ஊசி குத்தி நீரை எடுத்துப் பார்க்கலாம் என்று அங்கே சொன்னார்களாம். தம்பி, அதற்கு மட்டும் சம்மதிக்காதே. அந்த நீர் மார்புக்குள் கசிந்தால் கடும் ஒவ்வாமை வந்து இரத்த அழுத்தம் சரிந்துவிடலாம். நீரில் மணல்போல் மிதக்கும் புழுத்தலைகள் சிந்திய இடத்தில் புதிய கட்டிகளாக முளைக்கலாம். ஈரல் கட்டிகள் சிலவற்றுக்கு ஊசி வழியாகவே சிகிச்சை செய்வதுண்டு. நுரையீரலுக்கு அது ஆகாது.

பூச்சி மாத்திரை கேட்டாயே, கொடுக்கப்போவதும் அதே அல்பெண்டசோல்தான். ஆனால் இவ்வளவு பெரிய கட்டிக்கு அதை முதலில் கொடுத்தால் சுவர் நைந்து உள்ளேயே உடையலாம். அதனால் முதலில் அறுவை சிகிச்சை. சுற்றிலும் அடர் உப்புநீரில் நனைத்த துணிகளை வைத்து, கட்டியை மட்டும் எடுத்து, அது இருந்த குழிக்குள் திறந்திருக்கும் மூச்சுக்குழல் வாய்களைத் தைத்து மூடுவார்கள். நுரையீரலை வெட்டியெறிய வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. மாத்திரை அதன் பிறகு, சில மாதங்களுக்கு. கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். இடையிடையே ஈரலுக்கும் இரத்த அணுக்களுக்கும் பரிசோதனை உண்டு. ஈரலிலும் கட்டி இருக்கிறதா என்று முன்பே ஒரு ஸ்கேன் எடுத்துவிடுவோம்.

ஆட்டுக்கறி தின்றதால் வந்ததோ என்று சித்தி அழுதாராமே. கறியால் வரவில்லை என்று சொல். நாயின் மலத்தோடு வெளியேறும் முட்டை கைவழியாகவோ தண்ணீர்வழியாகவோ வயிற்றுக்குள் போயிருக்கிறது. அது எத்தனையோ வருடங்களுக்கு முன்பாகவும் இருக்கலாம். அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. அவருடைய தட்டைத் தனியாக வைத்திருந்தால் இன்றே எடுத்து மற்றவற்றோடு சேர்த்துவிடு. கிடை நாய்க்குக் கால்நடை மருத்துவரிடம் பிராசிகுவாண்டெல் என்ற நாடாப்புழு மாத்திரை வாங்கிக் கொடு. ஆடு அறுக்கும்போது கொப்புளம் கண்ட ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு வீசாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

திங்கட்கிழமை வரும்போது பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் கொண்டுவா. அதற்குள் இருமலில் உப்புக் கரிக்கும் நீரோ திராட்சைத் தோல் போன்ற சவ்வோ வந்தாலும், உடம்பெங்கும் தடித்து மூச்சு முட்டினாலும், எனக்குப் போன் செய்துகொண்டிருக்காதே. உடனே 108-ஐ அழைத்து அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போ. கையில் இந்தக் கடிதம் இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்