பிட்டை எழுதியவர் பெயரையும் போடுங்கள்

ஜெர்மனியின் போன் நகர் 'ஹவுஸ் டேர் கெஷிக்ட' வரலாற்று அருங்காட்சியகத்தாருக்கு,

வணக்கம். உங்களிடம் வந்து சேர்ந்த ஒரு துண்டுச் சீட்டைப் பற்றித்தான் இந்த மடல். 2006 ஜூன் 30 அன்று, உலகக் கோப்பைக் கால்பந்தில், பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் ஜெர்மனி கோல்கீப்பர் யென்ஸ் லேமன் காலுறைக்குள் செருகி வைத்திருந்தாரே, அதே சீட்டு. உங்கள் ஊரில் 'ஷ்பிக்செட்டல்', எங்கள் பள்ளிக்கூடப் பாஷையில் பிட். உலகம் முழுக்க அது 'லேமனின் பிட்' ஆகிவிட்டது. எனக்கு உறுத்துவது அந்தப் பெயர்தான். லேமன் அதைப் பார்த்துத் தேர்வு எழுதியவர். எழுதிக் கொடுத்தவர் ஜெர்மனி அணியின் கோல்கீப்பர் பயிற்சியாளர் ஆந்த்ரேயாஸ் கோப்கெ.

அர்ஜென்டினாவுக்கு எதிரான அந்தக் காலிறுதி 1-1 என முடிந்து பெனால்டிக்குப் போனது. ஹோட்டல் தாளில் கோப்கெ குறித்திருந்தது ஏழு பேர்: ரிகெல்மே, கிரெஸ்போ, ஐன்சே, அயாலா, மெஸ்ஸி, அய்மர், ரோட்ரிகஸ். யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்ற குறிப்பும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், ரிகெல்மேயும் கிரெஸ்போவும் அதற்குள் மாற்று வீரர்களுக்கு இடம்விட்டு வெளியே போயிருந்தார்கள். மெஸ்ஸி பெஞ்சை விட்டு எழவே இல்லை. பட்டியலில் இருந்தவர்களில் பந்தை அடித்தது அயாலாவும் ரோட்ரிகஸும் மட்டுமே. அயாலா அடித்ததை லேமன் தடுத்தார். கடைசியாக வந்த கம்பியாசோவின் பெயர் சீட்டில் கிடையாது. ஆனாலும் லேமன் சீட்டை எடுத்து நிதானமாகப் பார்த்தார். எதிரே நின்றவருக்கு அதில் என்ன இருக்கிறதென்று எப்படித் தெரியும்? அந்தப் பந்தும் தடுக்கப்பட்டது. ஜெர்மனி 4-2 என வென்றது.

எழுதியவருக்கு இது ஏட்டுப் படிப்பு அல்ல. அவரும் கோல்கீப்பராக ஆடியவர். 1996 யூரோ என்ற ஐரோப்பியக் கோப்பையில் இத்தாலியின் சோலா அடித்த பெனால்டியைத் தடுத்தவர் அவர். அதே தொடரின் அரையிறுதியில், வெம்ப்லியில், இங்கிலாந்தின் சவுத்கேட்டின் பெனால்டியைத் தடுத்தவரும் அவரே. கோப்பையும் வந்தது. கிளப் வாழ்க்கை அப்படி இனிக்கவில்லை. நியூரம்பர்க்கோடு 1994-இல், ஃபிராங்க்ஃபுர்ட்டோடு 1996-இல் என்று பலமுறை கீழ்ப்பிரிவுக்கு இறங்கியவர். 1996-இல் லீகில் அணி இறங்கிய அதே கோடையில்தான் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார்!

2004 அக்டோபரில் அதுவரை கோல்கீப்பர் பயிற்சியாளராக இருந்த செப் மையரை நீக்கிவிட்டு, ஜெர்மனி அணியின் தலைமைப் பயிற்சியாளர் கிளின்ஸ்மன் கோப்கெவை அழைத்தார். லேமன் அல்ல, ஆலிவர் கான்தான் முதல் கோல்கீப்பர் என்று மையர் வெளிப்படையாகப் பேசியதுதான் சிக்கல். கானா லேமனா என்று நாடே சண்டை போட்ட நேரத்தில் அந்த நாற்காலியில் உட்காருவது லேசுப்பட்ட காரியமல்ல. கோப்கெ 2021 வரை இருந்தார். 1990-இல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தும் ஒரு நிமிடம்கூட ஆடாதவர். 2014-இல் வென்றபோது கோல்கீப்பர் நோயரின் பயிற்சியாளர். பெஞ்சிலேயே இரண்டு உலகக் கோப்பை.

அந்தச் சீட்டைக் குழந்தைகள் நலனுக்காக 10 லட்சம் யூரோ கொடுத்து ஓர் எரிசக்தி நிறுவனம் வாங்கியது. உங்களுக்கு வந்தது அப்படித்தான். சரி, இனி அதை எப்போது எங்கே காட்சிக்கு வைத்தாலும், 'எழுதியவர்: ஆந்த்ரேயாஸ் கோப்கெ' என்ற வரியை லேமன் பெயருக்கு மேலே போடுங்கள். பக்கத்தில் சவுத்கேட் பெனால்டியின் படம் ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
பள்ளி அணியில் மாற்று கோல்கீப்பராகவே காலம் தள்ளிய ஒருவன்