கலாவுக்கு, கங்கைப் பயணம் பற்றி

அன்புள்ள கலா,

கடிதம் கிடைத்தது. முட்டி தேவலை என்று படித்ததும் நிம்மதி. மாடிப்படி ஏறுவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் ஒத்திப்போடு.

பன்னிரண்டு பெண்பிள்ளைகளை ரிஷிகேஷுக்குக் கூட்டிப்போவது நல்ல யோசனைதான். ஆனால் ஐந்து நாளில் மூன்று நாள் ராஃப்ட், அதாவது எல்லாரும் சேர்ந்து போகும் காற்றடைத்த படகு என்று போட்டிருக்கிறாயே, அதைக் குறைத்துவிட்டு, ஒருவர் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடும் கயாக்குக்கு அந்த நாளைக் கொடு. ராஃப்டில் பின்னால் உட்கார்ந்திருக்கும் வழிகாட்டிதான் எல்லாம் முடிவு செய்வார். பிள்ளைகள் சொன்னபடி துடுப்புப் போட்டுக் கத்திவிட்டு வருவார்கள். கயாக்கில் இருப்பது ஒருத்திதான். எங்கே திரும்புவது, எங்கே ஒதுங்குவது என்பதெல்லாம் அவள் கணக்கு. பதினான்கு வயதுப் பெண்ணிடம் வீட்டில் யார் அப்படியொரு கணக்கை விட்டுவைக்கிறார்கள்?

ஜூலை, ஆகஸ்டில் மழை வெள்ளத்தால் ஆற்றில் இறங்க விடமாட்டார்கள். அக்டோபர் பிற்பாதி தோது. பனி உருகி வரும் தண்ணீர், வெயிலடித்தாலும் கை கால் விறைக்கும். பருத்தி உடுப்பு வேண்டவே வேண்டாம்; நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

முதல் இரண்டு நாள் அசையாத தண்ணீரிலேயே இருக்கட்டும். முதல் பாடம், கவிழ்ந்தால் வெளியே வருவது. தலைகீழான உடனே முன்னால் குனிந்து படகின் அடிப்பக்கத்தை மூன்று முறை தட்டணும். பிறகு இரண்டு கையையும் விளிம்போடு முன்னால் நகர்த்தி, ஸ்ப்ரே டெக்கின் (இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடும் துணி) இழுப்புப் பட்டையைப் பிடித்து முன்னுக்குத் தள்ளி மேலே இழுக்கணும். கடைசியில் இடுப்புக்கு இருபுறமும் கை ஊன்றி, பேண்ட்டைக் கழற்றுகிற மாதிரி காலை உருவணும். நிதானமாகச் செய்தாலும் சில நொடிதான். தட்டச் சொல்வது சும்மா இல்லை: பதற்றத்தில் கை எதையாவது பிடித்து இழுக்கப் பார்க்கும், தட்டினால் மனசு அடங்கும். பெரிய தப்பு, டெக்கை மாட்டும்போது அந்தப் பட்டை உள்ளே மடங்கிப்போவது. அப்புறம் பிடிக்க ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு முறை மாட்டியதும் பக்கத்துப் பிள்ளை பட்டையைத் தொட்டுப் பார்த்துச் சொல்லணும். பயிற்சியாளர் பார்த்தால் போதாதா என்று கேட்காதே, அவர்களே பார்ப்பதுதான் பாடம்.

அடுத்தது அளவு. சின்ன உடம்புக்குப் பெரிய படகு கொடுத்தால் தொடை தாங்கியில் ஒட்டாது, இடுப்பு ஆடும், படகைச் சாய்க்க முடியாது. ‘எனக்கு வரலை’ என்று அவள் தன்னையே குறை சொல்லிக்கொள்வாள். குறை படகில் இருக்கும். இடுப்புக்கும் பக்கச் சுவருக்கும் இடையில் ஃபோம் துண்டு வைத்து இடைவெளியை அடைத்துவிடு. துடுப்பு நீளம் 190 செ.மீ. வாக்கில் இருந்தால் போதும், கைப்பிடியும் மெலிசாக இருக்கணும். லைஃப் ஜாக்கெட்டைப் பக்கப் பட்டைகளை இறுக்கியபின் தோளில் பிடித்துத் தூக்கிப் பார். காது வரை ஏறினால் தளர்வு. கொண்டை, உச்சிக் குதிரைவால் எல்லாம் ஹெல்மெட்டை முன்னால் தள்ளும். தாழ்ந்த பின்னல் போட்டு ஜாக்கெட்டுக்குள் விடச் சொல். கொலுசு, தோடு அறையிலேயே இருக்கட்டும்.

ஓடும் தண்ணீருக்கு வந்ததும் பாறைக்குப் பின்னால் ஒதுங்கும் நீர்தான் பள்ளிக்கூடம், அதைத்தான் எடி என்கிறார்கள். அங்கிருந்து ஓட்டத்துக்குள் நுழையும்போது, ஓட்டம் வந்து மோதும் பக்க விளிம்பைத் தூக்கணும். பயத்தில் எல்லாரும் ஓட்டம் வரும் பக்கமே சாய்வார்கள், அந்த விளிம்பு முங்கிப் படகு ஒரே புரட்டாகப் புரளும். கவிழ்ந்த படகை நிமிர்த்தும்போதும் முதலில் தலையைத் தூக்காதே என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். இடுப்புத்தான் முதலில் திரும்பணும், தலை கடைசி. முரட்டுப் பலத்தை நம்பாத பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் வரும் என்பது என் எண்ணம்.

படகை விட்டு நீந்த நேர்ந்தால் மல்லாந்து, கால் முன்னால், பாதம் நீர்மட்டத்தில். முட்டளவு தண்ணீரில்கூட ஓட்டத்தில் நிற்கக் கூடாது. பாறை இடுக்கில் கால் சிக்கினால் ஓட்டம் ஆளை முன்னால் சாய்த்து அமுக்கிவிடும்.

மாதவிடாயை முதல் நாளே நீயே எடுத்துப் பேசு. நாப்கின் தண்ணீரில் உதவாது. மாதவிடாய்க் கப்போ, நீச்சலுக்கான உள்ளாடையோ வேண்டியிருக்கும். உடை மாற்ற மறைப்பு, ஒதுங்க இடம் எங்கே என்பதை ஆற்றில் இறங்குவதற்கு முன்பே காட்டிவிடு. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு, தலைவலி என்று கரையில் உட்காருகிற பிள்ளைகளுக்குப் பாதிக் காரணம் இதுதான். பெண் பயிற்சியாளர் ஒருவராவது வேண்டும், நான்கு பிள்ளைக்கு ஒரு பயிற்சியாளர் கணக்கில்.

கடைசி நாள் பிரம்மபுரிக்குக் கீழே உள்ள சாதுவான பகுதியே போதும். ஷிவ்புரி பக்கத்து ‘கோல்ஃப் கோர்ஸ்’ என்கிற அருவியோட்டமெல்லாம் (ஆறு பாறைகளுக்கு நடுவே நுரைத்துப் பாயும் இடம்) அடுத்த வருஷம் பார்க்கலாம். ஒவ்வொரு அருவியோட்டத்துக்கு முன்னாலும் இறங்கிக் கரையில் நடந்து பார்த்து, வழியையும், 15 மீட்டர் மீட்புக் கயிற்றோடு யார் எங்கே நிற்பது என்பதையும் பிள்ளைகளே சொல்லட்டும். ‘நான் படகைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன்’ என்று ஒருத்தி சொன்னால் கேலியும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். அதுவும் ஆற்றைப் படித்துச் சொன்ன முடிவுதான். தூக்க அண்ணன்மார் ஓடிவருவார்கள், விடாதே. இருபது கிலோ இருக்கும், ஆளுக்கொரு முனை பிடித்தால் ஆயிற்று.

ஒலிம்பிக் ஸ்லாலமில் (ஓடும் தண்ணீரில் தொங்கும் கம்பங்களுக்கு நடுவே படகோட்டும் போட்டி) 1972லேயே பெண்களுக்குக் கயாக் இருந்தது. மண்டியிட்டு ஓட்டும் கனூ கிடைக்க டோக்கியோ வரை காத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல், கொதிப்பார்கள்.

இப்போதைக்குப் பன்னிரண்டு பேரின் உயரம், எடை, செருப்பளவு மட்டும் எழுதி அனுப்பு. படகைப் பார்த்து எடுக்க அதுதான் முதலில் வேணும்.

உன்
சுமதி