கிளாஸுக்குப் பின்னாடி உக்காந்து பாத்தது

அன்புள்ள தோழிக்கு,

உன் லெட்டர் கெடச்சுதுடி. பொண்ணு காலேஜ் சேந்தது ரொம்ப சந்தோஷம், ஹாஸ்டல் சாப்பாட நினைச்சு கவலப்படாத, பழகிடுவா.

இங்க ஒரு விஷயம் நடக்குது, உங்கிட்ட சொல்லியே ஆகணும். எங்க ஸ்கூல்ல ஒருத்தர் கிளாஸ்ல ஒருத்தர் போய் உக்காந்து பாக்குறோம். நமக்குத்தான் பின்னாடி யாராவது உக்காந்தாலே பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) விசிட் ஞாபகம் வந்துடுமே, பாடக்குறிப்பு எங்க பதிவேடு எங்கன்னு. ஜப்பான்ல நூறு வருஷத்துக்கு மேலா இத வேற மாதிரி பண்றாங்க, ஜுகியோ கென்க்யூன்னு பேரு, நாலஞ்சு டீச்சருங்க சேந்து ஒரே பாடத்துக்கு பிளான் போடுவாங்க, ஒருத்தர் நடத்துவார், மத்தவங்க பிள்ளைங்க பக்கத்துலயே நின்னு அவங்க என்ன எழுதுறாங்க, எங்க முழிக்கிறாங்கன்னு பாத்து குறிச்சுக்குவாங்க. நம்ம ஏபிஎல், அதான் செயல்வழிக் கற்றல், அது கூட சென்னை மாநகராட்சி டீச்சருங்க 2003-ல ஆந்திராவுல இருக்குற ரிஷிவேலி ஸ்கூலுக்குப் போய் நேர்ல பாத்துட்டு வந்து ஆரம்பிச்சதுதான!

போன வாரம் மூணாங்கிளாஸ்ல கடன் வாங்கிக் கழித்தல். பக்கத்து கிளாஸ் டீச்சர் நடத்துனாங்க, நான் பிள்ளைங்களோட தரையில உக்காந்துட்டேன். 52-ல 27 போனா எவ்ளோன்னு போட்டாங்க. மலர் லெவல்ல, அதான் நல்லா படிக்கிற பிள்ளைங்க இருக்குற மேல் லெவல்ல, இருக்குற பொண்ணுடி, அமைதியா 35-ன்னு எழுதி வச்சிருக்கா. ரெண்டுல ஏழு போகாது, அதனால ஏழுல ரெண்ட கழிச்சிட்டா, அஞ்சுல ரெண்டு மூணு, முடிஞ்சுது. போர்டு கிட்ட நிக்கிறவங்களுக்கு இது எப்படித் தெரியும், கேட்டா மத்த பிள்ளைங்களோட சேந்து அவளும் இருபத்தஞ்சுன்னு கத்துறாளே!

மதியம் சாப்பிடும்போது சொன்னேன், உடனே அந்த டீச்சர் மறுநாளே குச்சிக்கட்டு எடுத்துட்டு வந்து பத்துக்கட்டு ஒண்ண அந்தப் பொண்ணு கையாலயே அவுக்க வச்சாங்க. அவ்ளோ பொறுமை, நானா இருந்தா ஸ்டெப்ப திருப்பிச் சொல்லிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பேன். இப்ப என் கிளாஸ்லயும் குச்சிக்கட்டுதான் ஓடுது.

உங்களுது ஈராசிரியர் பள்ளி, நீ எழுந்து போனா உன் பிள்ளைங்கள யார் பாக்குறதுன்னு கேப்ப. ரெண்டு கிளாஸையும் ஒண்ணா உக்கார வச்சு ஒரு பீரியட் உங்க ஹெச்எம் நடத்தட்டும், நீ நாலு பிள்ளைங்க நோட்ட மட்டும் பாரு, அடுத்த வாரம் மாத்திக்கோங்க. மார்க் போடுறது ரிப்போர்ட் எழுதுறது எதுவும் வேணாம், அப்புறம் அதுவும் இன்னொரு பதிவேடா ஆயிடும். எந்தப் பாடம் எடுத்தீங்கன்னு எழுது.

அம்மாவ கேட்டதா சொல்லு.

உன் தோழி