வினையூக்கி மின்முனையில் நிற்க வேண்டாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பசுமை ஹைட்ரஜன் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன. நீரை மின்சாரத்தால் பகுத்து ஹைட்ரஜன் எடுக்கும் வினையை விரைவுபடுத்தும் வினையூக்கிகளான பிளாட்டினம், இரிடியம் ஆகியவற்றின் விலையையும் மத்திய அரசு 2023இல் ஒப்புதல் தந்த 19,744 கோடி ரூபாய்த் திட்டத்தையும் அலசுகிறீர்கள். அந்த வினையூக்கி மின்முனையில் எப்படி நிற்கிறது என்பதைத்தான் காணோம். கல்லூரியில் வேதியியல் செய்முறை வகுப்பு எடுக்கும் எனக்கு அதுதான் பெரிய கேள்வி. மேலே பூசிய தூள் உதிர்ந்துவிட்டால் அவ்வளவு விலை கொடுத்து என்ன பயன்?

மின்கடத்தும் பாலிமருக்குள்ளேயே வினையூக்கியைப் பதித்துவிடுவது ஒரு நல்ல வழி. பாலிபிர்ரோல் அத்தகைய ஒரு பாலிமர். பிர்ரோல் என்ற திரவத்திலிருந்து அதை உருவாக்கலாம். பழைய பிர்ரோல் புட்டியில் பழுப்பேறியிருக்கும். காய்ச்சி வடித்தால் நிறமில்லாமல் வரும். அதை நீரில் கரைத்து, எதிர்மின்சுமை உள்ள வினையூக்கியையும் சேர்த்து, மின்கடத்தும் கண்ணாடித் தகட்டை நேர்மின்முனையாக வைத்துச் சிறிது மின்சாரம் செலுத்தினால், தகட்டில் பாலிபிர்ரோல் படலம் கண்ணெதிரே கறுத்துத் தடிக்கும். படலம் வளரும்போதே நேர்மின்சுமை பெறுகிறது. அதை ஈடுகட்ட எதிர்மின்சுமை உள்ளவற்றைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. பசை எதுவும் வேண்டாம். சர்க்கரையைக் கண்டறியும் உணரிக்காக, உயிர் வினையூக்கியான குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியை 1986லேயே இப்படிப் பாலிபிர்ரோலில் பதித்துவிட்டார்கள். 2006இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில், கார்பன்மேல் கோபால்ட்டும் பாலிபிர்ரோலும் சேர்ந்த வினையூக்கியைப் பிளாட்டினத்துக்குப் பதிலாக வைத்து, ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தை 100 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார்கள்.

எல்லா இடத்துக்கும் இது ஒத்துவராது. நீரைப் பகுக்கும்போது ஆக்சிஜன் வெளிவரும் பக்கத்தில் மின்னழுத்தம் அதிகம். அங்கே பாலிபிர்ரோல் மிகையாக ஆக்சிஜனேற்றம் அடைந்து கடத்தும் திறனை இழந்துவிடும். உணரிகளிலும் எரிபொருள் கலங்களிலும் இதற்கு நல்ல இடம் உண்டு.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்குகிறது. அதன் பக்கத்திலேயே படிக்கும் எங்கள் இளநிலை மாணவர்கள் இப்படி ஒரு படலம் வளர்வதைப் பார்க்காமலே பட்டம் வாங்கிப் போகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. விலை உயர்ந்த கருவி இல்லையென்றாலும், 9 வோல்ட் பேட்டரியோடு தகுந்த மின்தடையைத் தொடராக இணைத்தாலே செய்து காட்டலாம். பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு இதை ஒரு செய்முறைப் பயிற்சியாகச் சேர்க்க வேண்டும். அந்த ஆய்வக விஞ்ஞானிகளைச் சந்தித்து நீங்களும் ஒரு கட்டுரை வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

வேதியியல் ஆசிரியை,
காரைக்குடி.