நாராவின் பெரிய புத்தர்: பழையது எங்கே இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஜப்பானின் நாரா நகரைப் பற்றிய பயணக் கட்டுரையில், தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தர் வெண்கலச் சிலை 752-இல் கண் திறந்த நாள் முதல் அப்படியே இருப்பதாக வந்திருக்கிறது. இதை நம்பிப் போகிறவர்கள் முகத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அந்த முகம் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வார்த்தது. பழையதைப் பார்க்கக் கண்ணைக் கீழே இறக்க வேண்டும்.

சுமார் 15 மீட்டர் உயரச் சிலையை ஒரே மூச்சில் வார்க்க முடியாது. முதலில் களிமண்ணில் உருவம் செய்தார்கள். அதன்மேல் வெளி அச்சு எடுத்து, வெண்கலம் எவ்வளவு கனம் வேண்டுமோ அவ்வளவுக்கு உள்ளுருவத்தைச் சுரண்டி, அந்த இடைவெளியில் உலோகத்தை ஊற்றினார்கள். 747 முதல் 749 வரை, அடியிலிருந்து எட்டு அடுக்காக வேலை நடந்தது. சிலை உயர உயரச் சுற்றிலும் மண்மேடும் உயர்ந்தது. கண் திறந்து வைத்தவர் இந்தியத் துறவி போதிசேனர்.

855-இல் தலை விழுந்தது. 1180-லும் 1567-லும் போர்த் தீயில் சிலை இருந்த மண்டபம் எரிந்தது, சிலையும் உருகிச் சிதைந்தது. மேல்பகுதிதான் அதிகம் கெட்டது. தாமரைப் பீடத்தின் இதழ்களில் சில தப்பிவிட்டன.

எட்டாம் நூற்றாண்டின் கைவேலை அந்த இதழ்களில் இருக்கிறது. மேலே புத்தர், சுற்றிலும் போதிசத்துவர்கள் (புத்த நிலையை அடையும் வழியில் இருக்கும் அருளாளர்கள்), கீழே அடுக்கடுக்காக உலகங்கள், மேரு மலை. எல்லாமே உளியால் கீறிய மெல்லிய கோடுகள். பீடம் உயரத்தில் இருப்பதால் சிறிய தொலைநோக்கி இல்லாமல் போனால் வெறும் கறுத்த உலோகமாகத்தான் தெரியும். முன்னால் நிற்கும் கூட்டத்தோடு நின்றுவிடாமல் பக்கவாட்டிலும் பின்னாலும் போய்ப் பார்க்க வேண்டும்.

தூண்களையும் கிட்டப் போய்ப் பாருங்கள். 1709-இல் முடிந்த இந்த மண்டபத்தின் அகலம் 57 மீட்டர். முதல் மண்டபம் சுமார் 86. பருத்த மரம் கிடைக்காத காலம் அது. நடுமரத்தைச் சுற்றி மரத்துண்டுகளை அணைத்து இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஒரு தூணின் அடியில் உள்ள துளையில் எல்லோரும் புகுந்து பார்ப்பார்கள். பட்டையைக் கவனிக்கிறவர் குறைவு.

வாசலுக்கு எதிரே உள்ள எண்கோண வெண்கல விளக்கும் எட்டாம் நூற்றாண்டுதான். அதன் தட்டிகளில் வாத்தியம் வாசிக்கும் போதிசத்துவர்கள் கிட்டத்திலேயே இருப்பதால் தொலைநோக்கி வேண்டாம்.

மண்டபம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 7.30-க்குத் திறக்கும், மற்ற மாதங்களில் 8 மணிக்கு. பள்ளிக் கூட்டம் வருமுன் போய்விடுங்கள். வழியில் திரியும் மான்களுக்கு அங்கே விற்கும் தவிட்டு பிஸ்கட் தவிர வேறு எதுவும் தர வேண்டாம். காட்டிவிட்டுத் தராமல் இழுத்தடித்தால் கடிக்கும். வரைபடம், நுழைவுச்சீட்டு போன்ற காகிதங்களையும் பிளாஸ்டிக் பைகளையும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் விழுங்கிச் செத்த மான்கள் உண்டு.

— ஒரு வாசகர், சென்னை