பூட்டு சாவிக்காக எங்களோடு நடந்தவர்களுக்கு

எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வேலை எல்லார் வீட்டிலும் நடக்கிறது. அதற்கு நடுவில் இந்த மடலைப் படிக்கச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊராட்சித் தலைவர் தேர்தலில் பூட்டு சாவிச் சின்னத்தில் நின்ற அக்கா தோற்றுவிட்டார். தோற்ற பிறகு எதற்கு நன்றி என்று என் சித்தப்பாவே கேட்டார். ஜெயித்திருந்தால் மாலையும் வேட்டுமாக அந்த நன்றி தானாக வந்து சேர்ந்திருக்கும். இப்போது யாராவது எழுதினால்தான் உண்டு. அக்கா வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் என் பங்குக்கு எழுதுகிறேன்.

அக்காவை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்கிற பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தவர். கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயம் ஊற்றுவதிலிருந்து, மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவது வரை அத்தனையும் கைவந்தவர். ஆனால் அவர் யார் என்று எனக்குப் புரிந்தது 2019 ஆகஸ்ட் 15 கிராம சபையில்தான். 2016 அக்டோபரோடு பழைய ஊராட்சி மன்றத்தின் காலம் முடிந்துபோய், மூன்று வருஷமாகத் தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தது ஊர். அப்பத்தாவின் முதியோர் பென்ஷனுக்கு மனுக் கொடுக்கத்தான் நான் போயிருந்தேன். தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்குச் சுற்றி வந்தது. எல்லாரும் போட்டார்கள், நானும் போட்டேன். அக்காவிடம் வந்ததும் புத்தகம் நின்றுவிட்டது.

“வரவு செலவைப் படிச்சுக் காட்டுங்க. கேட்டுட்டுப் போடுறேன்.”

குரலை உயர்த்தவே இல்லை. படித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. தெருவிளக்குச் செலவு வந்த இடத்தில், எந்தக் கம்பத்தில் எத்தனை மாதமாக விளக்கு எரியவில்லை என்று கம்பம் கம்பமாகச் சொன்னார். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் நான் போட்ட கையெழுத்து அன்று ராத்திரி முழுக்க என்னைத் தூங்க விடவில்லை. மறுநாள் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். அப்போது எனக்கு வயது 19.

அப்புறம் தேர்தல் வந்தது. எங்கள் ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. பெண்களுக்கு ஒதுக்கினாலும் பல ஊர்களில் நோட்டீசில் வீட்டுக்காரர் படம்தான் பெரிதாக இருக்கும். அக்கா நோட்டீசில் அக்கா படம் மட்டும்தான். இதற்காக முதல் நன்றியை அண்ணனுக்குச் சொல்ல வேண்டும், அக்காவின் கணவரைத்தான் சொல்கிறேன். யார் வந்து அவரிடம் ஊர்ப் பிரச்சினையைப் பேசினாலும், “எனக்குத் தெரியாதுங்க, அவள்ட்ட கேளுங்க” என்று உள்ளே கைகாட்டிவிடுவார். இருபது நாளும் எங்கள் எல்லாருக்கும் சோறு வடித்தவர் அவர்தான்.

ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. அக்காவுக்குப் பூட்டு சாவி கிடைத்தது. வருஷம் முழுக்கப் பூட்டியே கிடக்கிற பெரிய வீடுகள் நிறைந்த ஊரில், பூட்டு சாவியை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மேலத்தெரு ஆச்சி தன் வீட்டுப் பழைய இரும்புச் சாவியை எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு சாணுக்கு மேல் நீளம். பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினார்கள். ஆச்சி, சாவியை விடவும் பெரிய விஷயம் நீங்கள் உங்கள் வீட்டுத் திண்ணையைக் கொடுத்தது. அந்தத் திண்ணையில் இதுவரை ஏறியிராத பலர் அங்கே உட்கார்ந்துதான் தங்கள் தெருவுக்கு என்ன வேண்டும் என்று சொன்னார்கள். நீங்கள் அவர்களோடு உட்கார்ந்து காபி குடித்தீர்கள். எனக்கு அது என்றைக்கும் மறக்காது.

நாங்கள் வாக்குறுதி அடித்துக் கொடுக்கவில்லை. அக்கா கையில் ஒரு நோட்டு இருந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு வீட்டிலும் கேட்டதை அதில் எழுதுவார். எழுதிவிட்டு, ஊராட்சியால் முடிந்ததா முடியாததா என்று அங்கேயே சொல்லிவிடுவார். குடிதண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை, தெரு ரோடு, சுடுகாட்டுப் பாதை, இதெல்லாம் ஊராட்சி வேலை என்பார். காலனியில் ஒரு பாட்டி, காரைக்குடிக்கு இன்னொரு பஸ் விடச் சொன்னார்.

“பஸ் விடுறது ஊராட்சி கையில இல்ல ஆத்தா. மனு எழுதித் தாறேன், உங்களோட வாறேன். பஸ்ஸே விடுறேன்னு சொன்னா அது பொய்.”

வாசலை விட்டு இறங்கியதும் நான் அக்காவோடு சண்டை போட்டேன். விடுகிறேன் என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டில் ஐந்து ஓட்டு. அக்கா கோபப்படவில்லை. “நாளைக்கும் இதே வாசல்லதான் நடக்கணும்” என்றார். நான் ஒருவரை மனதார மதித்தது அந்த நிமிஷத்தில்தான். அந்தப் பாட்டிக்கும் என் நன்றி. ஓட்டுப் போட்டீர்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த நாள் எங்களைக் கூப்பிட்டு மோர் கொடுத்தீர்கள்.

வார்டு உறுப்பினரையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்று அக்கா எல்லா வீட்டிலும் சொன்னார். உறுப்பினர்கள் சேர்ந்துதான் துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் செக் செல்லும் என்றும் சொன்னார். எங்களில் பலருக்கு இதுவே புதுசு.

நோட்டீஸ் எழுதிக் கொடுத்த ஓய்வுபெற்ற தமிழ் ஐயாவுக்கு நன்றி. சாயங்காலம் களைத்து வந்து உட்காரும்போது அவர் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். சென்னை மாகாணச் சட்ட மேலவையில் உட்கார்ந்த முதல் பெண், 1886-இல் நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி என்று அவர் சொன்ன அன்று, எங்கள் குழுவில் இருந்த நான்கு பெண்பிள்ளைகளும் வெகுநேரம் அதையே பேசினோம். குட்டி யானை வண்டியை டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு ஓட்டிய அண்ணனுக்கும், நூறு நாள் வேலை முடிந்து மண்வெட்டியோடு அப்படியே எங்களோடு நடந்த அத்தைமார்களுக்கும் நன்றி.

2020 ஜனவரி 2 காலை 8 மணிக்குத் தொடங்கிய ஓட்டு எண்ணிக்கை எங்கள் ஊருக்கு வரும்போது விடியற்காலம் ஆகிவிட்டது. நான்கு பதவிக்கு நான்கு ஓட்டுச் சீட்டு, முதலில் நிறம் நிறமாகப் பிரிக்கவே நேரம் போய்விடும். தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. மார்கழிப் பனியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியில் நின்றவர்கள் முப்பது பேருக்குக் குறையாது. யாரோ ஒரு டின் நிறையச் சீப்புச் சீடை கொண்டுவந்திருந்தார்கள். அந்த ராத்திரி எங்களைத் தாங்கியது அதுதான்.

19 ஓட்டில் போய்விட்டது. செல்லாத ஓட்டு அதை விடக் கூடுதல். இரண்டு சின்னத்துக்கு நடுவில் விழுந்த முத்திரை, ஒரே சீட்டில் இரண்டு முத்திரை. கையில் நான்கு சீட்டை வாங்கிக்கொண்டு வயதானவர்கள் திணறியிருக்கிறார்கள். முத்திரை குத்துவதையும் மடிப்பதையும் வெற்றுத் தாளில் நாங்கள் செய்து காட்டியிருக்க வேண்டும். எனக்கு அழுகை நிற்கவில்லை. அக்கா என் முதுகைத் தட்டிவிட்டு, நேராக ஜெயித்தவரிடம் போய்க் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார். அதே மூச்சில், ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால் அடைபட்டுக் கிடப்பதையும் சொன்னார். பெரிய வீட்டுக் கூரைகளில் விழுகிற மழையெல்லாம் ஊரணிக்குப் போகும்படி அந்தக் காலத்தில் கட்டிவைத்தார்கள். இன்றைக்கு அது தெருவிலேயே நின்று காய்கிறது. “சித்திரைக்குள்ள வெட்டிப்புடலாம், ஆள் நாங்க தாறோம்” என்றார். ஜெயித்தவரும் சரி என்று தலையாட்டினார். அவருக்கும் எங்கள் வாழ்த்துகள்.

ஜனவரி 26 அன்று கிராம சபை. அக்காவின் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. தெரு வாரியாகப் பிரித்து மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதி முடிந்துவிட்டது. பஸ்ஸுக்கான மனு முதலில் இருக்கிறது. பாட்டி, கைநாட்டு வைக்க நாளை வருகிறேன். சபைக்கு எல்லாரும் வாருங்கள். அன்றைக்குத் தீர்மானப் புத்தகம் சுற்றி வரும்போது வரவு செலவைப் படிக்கச் சொல்லி நான் கேட்கப்போகிறேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆச்சி, சாவியைப் புளி போட்டுத் தேய்த்து எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். பொங்கலன்று கொண்டுவந்து தருகிறேன். சீடை டின்னும் இரண்டு துண்டும் எங்கள் வீட்டில் இருக்கின்றன, யாருடையது என்று சொன்னால் கொண்டுவந்து கொடுத்துவிடுவேன்.

அன்போடும் நன்றியோடும்,
கீழத்தெரு அப்பத்தா பேத்தி