எந்த எஞ்சின், எந்த ஆண்டு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பெரிய எஸ்யூவி வாங்குவது குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். துரு, சஸ்பென்ஷன், டயர்த் தேய்மானம் ஆகியவற்றைப் பற்றி அதில் கூறப்பட்டிருந்தவை சரியானவை. ஆனால் எஞ்சின் என்று வரும்போது, நல்ல பெயருள்ள கம்பெனியின் வண்டியாக, குறைந்த கிலோமீட்டர் ஓடியதாகப் பார்த்து வாங்குங்கள் என்பதோடு கட்டுரையாளர் நிறுத்திக்கொண்டார். இவ்வகை வண்டிகளில் இந்த இரண்டு அளவுகோல்களுமே வாங்குபவரை ஏமாற்றக்கூடியவை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் கம்பெனியின் பெயரை எடுத்துக்கொள்வோம். 1997இல் அறிமுகமான நிசான் பேட்ரோல் ஒய்61 வண்டியில் டிடி42 எனப்படும் 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினும் வந்தது. பிறகு சேர்க்கப்பட்ட இசட்டி30 எனப்படும் 3 லிட்டர், நான்கு சிலிண்டர் டீசலும் வந்தது. முன்னது மெதுவானது, ஆனால் எவ்வளவு உழைத்தாலும் தாங்கும் என்று பெயரெடுத்தது. பின்னதன் தொடக்க கால எஞ்சின்களோ பிஸ்டன் உருகிப் போவதற்கே பெயர்போனவை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வண்டி. ஃபோர்டு எக்ஸ்கர்ஷனிலும் இதே கதைதான். அதன் 7.3 லிட்டர் டீசலைத் தேடி அலைபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2003இல் அதன் இடத்துக்கு வந்த 6.0 லிட்டர் டீசலில் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் அடைத்துக்கொள்வதும், எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பப்படும் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலரில் விரிசல் விழுவதும், சிலிண்டர்களுக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போவதும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன. இவ்விரண்டையும் தயாரித்தது நாவிஸ்டார் என்ற ஒரே நிறுவனம்தான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

சில வேளைகளில் எஞ்சினின் கொள்ளளவுகூட மாறாமல் உள்ளிருப்பது மட்டும் மாறிவிடுகிறது. செவர்லே டாஹோவின் 5.3 லிட்டர் வி8 (எட்டுச் சிலிண்டர்) எஞ்சினில், 2007 மாடலிலிருந்து, சுமை குறைவாக இருக்கும்போது பாதி சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் ஏற்பாடு வந்தது. எரிபொருளை மிச்சப்படுத்தவே அதைச் செய்தார்கள். ஆனால் வால்வுகளைத் தூக்கும் லிஃப்டர்கள் பழுதாவதும் ஆயில் குடிப்பதும் அந்த எஞ்சின்களின் அடையாளங்களாகவே ஆகிவிட்டன. மெர்சிடிஸ் எம்எல்350 வண்டியின் எம்272 எஞ்சினில் இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். தொடக்க ஆண்டுகளில் தயாரானவற்றில், அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பல்சக்கரம் முன்கூட்டியே தேய்ந்துவிடும். குறிப்பிட்ட ஒரு வண்டி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததா என்பதை எஞ்சின் எண்ணைப் பார்த்துத்தான் அறிய முடியும். ஆகவே, தங்கள் இதழில் இனிமேல் பழைய வண்டிகளைப் பற்றிய அட்டவணைகளை வெளியிடும்போது, மாடலின் பெயருக்குப் பக்கத்தில் எஞ்சின் குறியீட்டையும் தயாரிப்பு ஆண்டையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு வரி, மற்ற பத்து அறிவுரைகளைவிட வாசகருக்கு உதவும்.

பெயரெடுத்த எஞ்சின்களுக்கும் அவற்றுக்கே உரிய பலவீனங்கள் உண்டு. டொயோட்டா லேண்ட் குரூஸர் 80 வரிசையின் தொடக்க கால 1எச்டி-டி டர்போ டீசலில் பிஸ்டன் தண்டின் கீழ்முனையில் உள்ள பிக் எண்ட் பேரிங்குகள் எதிர்பார்த்ததைவிட முன்னரே தேய்ந்தன. 1கேடி எஞ்சின் பொருத்தப்பட்ட டொயோட்டா பிராடோவில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் அடியில் உள்ள வாஷர் கசிந்தால், எரிந்த வாயு ஆயிலில் கலந்து, கரி திரண்டு, ஆயில் பம்பின் வடிகட்டியை அடைத்துவிடும். அதன்பின் எஞ்சின் ஆயிலின்றி ஓடிப் பாழாகும். இவற்றை அறிந்த உரிமையாளர்கள் உரிய காலத்தில் பேரிங்கையும் வாஷரையும் மாற்றி ரசீதை வைத்திருப்பார்கள். என் கணிப்பில், குறை இன்னதென்று தெரிந்து, அது சரிசெய்யப்பட்டதற்குச் சான்றும் உள்ள 3 லட்சம் கிலோமீட்டர் வண்டி, எந்தத் தாளும் இல்லாத 1 லட்சம் கிலோமீட்டர் வண்டியைவிட மேலானது.

இது, ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் விஷயத்துக்கு நம்மைக் கொண்டுவருகிறது. எண்ணைத் திருத்தியிருக்கலாம் என்ற ஐயம் ஒருபுறம் இருக்கட்டும். எண் உண்மையாகவே இருந்தாலும் அது சொல்வது சொற்பம். இரண்டரை டன் எடையுள்ள வண்டி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடிய தூரமும், டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலையேறிய தூரமும் அந்த எண்ணில் ஒன்றாகவே பதிவாகின்றன. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை மட்டும் ஓடிய டீசல் வண்டியில் எஞ்சின் ஒருபோதும் முழுச் சூட்டை அடைவதில்லை. புகை வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் வேலையும் பாதியில் நின்றுபோய், எரியாத டீசல் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்கிறது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் மேல் குறியையும் தாண்டியிருந்தால், யாரோ தாராளமாக ஊற்றிவிட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மேலும் ரப்பர் குழாய்கள், வால்வுகளின் இயக்கத்தை எஞ்சினின் சுழற்சியோடு இணைக்கும் டைமிங் பெல்ட், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஆகியவை ஓடாமல் நின்றாலும் வயதாகிக் கெடுபவை. பெரிய வண்டிகளின் எஞ்சின் மரணங்களில் பல, குளிர்விக்கும் அமைப்பில் கவனிக்கப்படாமல் போன சிறு கசிவிலிருந்தே தொடங்குகின்றன.

வண்டியை நேரில் பார்க்கும்போது, எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைக்க வேண்டும். போய் இறங்கியவுடன் பானட்டைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். தேய்ந்த டைமிங் செயினின் (பெல்ட்டுக்குப் பதிலாக வரும் சங்கிலி) சலசலப்பு, டீசலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தம்) குறைந்ததால் நெடுநேரம் சுழன்று கிளம்பும் ஸ்டார்ட்டிங், முதல் சில நொடிகளில் வரும் நீலப் புகை ஆகியவையெல்லாம் சூடேறியதும் மறைந்துவிடக்கூடிய சாட்சிகள். குளிரில் வரும் வெண்ணிற ஆவி சீக்கிரமே கலைந்துவிட்டால் கவலையில்லை. எஞ்சின் சூடான பின்னும் இனிப்பான வாடையோடு வெண்புகை தொடர்ந்தால் கூலன்ட் எரிகிறது என்று பொருள். சிறிது நேரம் ஐடிலில் விட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கையில் நீலப் புகை குபீரென்று வந்தால் ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் வால்வு சீல்களைச் சந்தேகிக்க வேண்டும்; எக்ஸ்5 வண்டியில் வந்த பிஎம்டபிள்யூவின் என்62 வி8 எஞ்சினைப் பார்ப்பவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. டீசல் வண்டியின் ஆயில் தேன்நிறத்தில் இருப்பதைப் பார்த்து மகிழ்வதும் வேண்டாம். மாற்றிய சில நாள்களிலேயே கருத்துவிடுவது டீசல் ஆயிலின் இயல்பு என்பதால், விற்பனைக்காகவே அது மாற்றப்பட்டதா என்று கேட்பதே முறை.

வண்டியின் கணினியில் பதிவான பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் பொறுத்தவரை, பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்ற பதிலோடு பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். குறியீடுகளை அழிப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் அழித்தவுடன், வண்டியின் கணினி தனக்குத் தானே நடத்தும் சோதனைகளும் 'முடிவுறவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். அவற்றில் பல அந்நிலையில் இருந்தால், அண்மையில் எதையோ துடைத்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, விலை பேசி முடிப்பதற்கு முன் கம்ப்ரஷன் சோதனையும், முடிந்தால் லீக்டவுன் சோதனையும் செய்வதற்காகும் செலவு வீண்செலவன்று. கம்ப்ரஷனில் தனித்தனி எண்களைவிட, சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வேறுபாடே முக்கியம். லீக்டவுன் சோதனையில் சிலிண்டருக்குள் செலுத்திய காற்று எந்த வழியாகத் தப்புகிறது என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம்: ஆயில் மூடியின் வழியே வந்தால் பிஸ்டன் ரிங், சைலன்சரின் வழியே வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழியிட்டால் ஹெட் கேஸ்கெட் அல்லது விரிசல் விட்ட ஹெட். வி8 எஞ்சினில் எட்டுச் சிலிண்டர்களையும் சோதிக்க நேரம் பிடிக்கும் என்று மெக்கானிக் அலுத்துக்கொள்ளலாம். நேரத்துக்கான கூலியைத் தந்து எட்டையும் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

எஞ்சின் புதிதாகக் கட்டப்பட்டது என்று விற்பவர் பெருமையாகச் சொல்வதும் உண்டு. அது நற்சான்று ஆகாது. எதனால் முந்தைய எஞ்சின் போனது, அந்தக் காரணம் களையப்பட்டதா, சிலிண்டர் அளவெடுப்புக்கும் மாற்றிய பாகங்களுக்கும் ரசீது இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு விடை வேண்டும். அடைத்த ரேடியேட்டரை அப்படியே விட்டுவிட்டுப் புது பிஸ்டன்கள் போட்ட எஞ்சின், பழைய வழியிலேயே மறுபடியும் போகும். ஆறிய எஞ்சினைக் காட்டவோ, வாங்குபவரின் செலவில் சோதனை செய்துகொள்ளவோ மறுக்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு விலை பேசுவதில் பயனில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்